பீடோர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு காலை

ஈப்போவிலிருந்து பீடோருக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் விரைவாகப் போய்ச் சேரலாம். ஆனால், என் தாயார் வண்டியில் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. "பழைய ரோட்டுலேயே போய்யா. கோப்பேங், கம்பார், தாப்பான்னு ஊரெல்லாம் பார்த்துக்கிட்டே போவோம்" என்பார்.

கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம், ஒரு சனிக்கிழமை அதிகாலையில் நாங்கள் இருவரும் அப்படித்தான் புறப்பட்டோம். வண்டியின் பின்புறத்தில் ஒரு மண்வெட்டி, ஒரு வாளி, சுண்ணாம்பு, இரண்டு தூரிகைகள், ஒரு கட்டு மெழுகுவத்தி. பீடோரை அடுத்த ஒரு பழைய தோட்டத்தில் என் தந்தையாரின் கல்லறை இருக்கிறது. ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கு முன் அதற்கு வெள்ளையடித்துவிட்டு வருவது எங்கள் குடும்ப வழக்கம். 2023-இல் எனக்கு ஈப்போவுக்கு மாற்றல் கிடைத்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை.

சிம்பாங் பூலாய் வரை சுண்ணாம்புக் குன்றுகள் காவல்காரர்களைப் போல நிற்கின்றன. கோப்பேங்கைக் கடந்து கம்பாரை நெருங்கும்போது பழைய ஈய லம்பங்களின் குட்டைகள் இளவெயிலில் மின்னுகின்றன. இடக்கைப் பக்கம் மலைத்தொடர் நம் கூடவே வருகிறது. தாப்பாவில் கேமரன் மலைக்குப் பிரியும் சாலையை விட்டுவிட்டு, இன்னும் சிறிது தூரம் தெற்கே போனால் பீடோர் வந்துவிடும்.

பீடோரை அறியாத பேராக் தமிழர் இருப்பாரோ? நெடுஞ்சாலை வருவதற்கு முன் கோலாலம்பூருக்குப் போகும் பேருந்துகளும் லோரிகளும் இந்த ஊர் வழியாகத்தான் போயின. பயணிகள் இறங்கிக் கால் நீட்டித் தேநீர் குடித்துவிட்டு, கொய்யாப்பழமும் பெத்தாய்க் கட்டும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். வாத்து மீயும் கோழி பிஸ்கட்டும் இன்றும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தருகின்றன. அன்று நாங்கள் பசாரில் நிற்கவில்லை. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்தினார். நேரே தோட்டத்துச் சாலையில் திரும்பினோம்.

சிறு மேடுகள்

பால்மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. லயங்கள் இல்லை. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் பாசி பிடித்துக் கிடக்கிறது. நான் படித்த பள்ளிக்கூடம் வீடமைப்புப் பகுதிக்கு இடம் பெயர்ந்தபோது தோட்டத்தின் பெயரை மட்டும் தன்னோடு கொண்டு போயிற்று. கல்லறைத் தோட்டம் ஒன்றுதான் செம்பனை வரிசைகளுக்கு நடுவே இருந்த இடத்தில் இருக்கிறது.

அதன் ஓரத்தில் பெயர் பொறிக்காத சிறு மேடுகள் பல உண்டு. ஒரு முழம், இரண்டு முழம் நீளந்தான் இருக்கும். எல்லாம் குழந்தைகளுடையவை. புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது, அம்மா அவற்றில் ஒன்றின் அருகே குனிந்து நின்றார்.

"இது உன் பெரியம்மாய்யா. எனக்கு முன்னாடி பொறந்தது. ஜப்பான்காரன் காலத்துல குளிர்காய்ச்சல்ல போச்சு. ஒரு வயசுகூட ஆவல."

ஒரு வயதுகூட நிரம்பாத பெரியம்மா! அந்த மேட்டுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினோம்.

நம் முன்னோர் கடல் கடந்து வந்து காடழித்த காலத்தில் அவர்களை மிகுதியாகக் கொண்டு போனது மலேரியா என்னும் குளிர்காய்ச்சல்தான். காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. காட்டுப் பேய் என்றார்கள் சிலர். கெட்ட காற்று என்றார்கள் சிலர். செய்த பாவத்துக்குத் தண்டனை என்றவர்களும் உண்டு. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றில் அந்த நோய்க்கிருமியைக் கண்டார். 1901 முதல் கிள்ளான் பகுதியில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலத்து நீரை வடியவிட்டுக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார்.

ஆனால், குன்றுப் பகுதித் தோட்டங்களில் ஒரு விந்தை நிகழ்ந்தது. காட்டை அழிக்க அழிக்கக் காய்ச்சல் கூடியது! கரையோரச் சதுப்பில் வாழும் கொசு வேறு, குன்றுகளில் வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் கொசு வேறு என்பதை வாட்சன் கண்டறிந்தார். அதற்குப் பிறகே ஓடைநீரைக் குழாய் வழியாக நிலத்தடியில் விடுவதும், நீரின் மேல் எண்ணெய் தெளிப்பதும் வழக்கத்துக்கு வந்தன. எங்கள் பாட்டனார் காலத்தில் தோட்டத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கொயினா மருந்து கொடுப்பார்களாம். கசப்புத் தாங்காமல் துப்புகிறவர்களை மருந்துக்காரர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். இவை அப்பா சொல்லக் கேட்டவை.

அச்சம் பழைய அச்சந்தான். எதற்கு அஞ்ச வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் மனிதனால் கையை நீட்டி ஏதேனும் செய்ய முடிந்தது.

கொசு என்று நினைத்தோம்

என் தலைமுறைக்கும் அந்தப் பாடம் ஒருமுறை வந்தது. 1998 செப்டம்பரில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. நான் அப்போது படிவம் ஆறு முடித்திருந்த இளைஞன். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். அது கொசுவினால் பரவுவது. ஆகவே புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அம்மா மாலை ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடுவார். ஆனால், நோய் நிற்கவில்லை. பன்றிகளை ஏற்றிச் சென்ற லோரிகளோடு அது நெகிரி செம்பிலானுக்கும் போயிற்று. புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் சுடுகாடு போலானது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் உண்மையைக் கண்டார். அது அதுவரை உலகம் அறியாத ஒரு கிருமி. சுங்கை நிப்பா என்ற கம்பத்தின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயரிட்டார்கள். பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் அது வந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பண்ணைகளில் தொழுவத்தை ஒட்டிப் பழமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது. இதில் 265 பேர் நோயுற்றனர்; 105 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் சீனர். பண்ணைகளில் வேலை செய்த நம்மவர்களும் இருந்தனர். பத்து லட்சத்துக்கும் மேலான பன்றிகள் அழிக்கப்பட்டன.

அந்த மாதங்களில் எங்கள் தோட்டத்துக்குக் காய்கறி கொண்டுவரும் சீனக் கிழவரிடம் யாரும் வாங்க மறுத்தோம். அவர் பன்றி வளர்த்தவரும் அல்லர். அச்சம் கண்ணை மூடிக்கொண்டு ஆளைத் தேடும் என்பதை நான் அன்றே கண்டேன். கண்டும் கற்றுக்கொள்ளவில்லை என்பதை 2021 எனக்குக் காட்டியது.

அந்த ஆகஸ்டு மாதம்

அப்பாவின் கல்லறைக்கு மூன்று கல்லறைகள் தள்ளி ஒரு புதிய சிலுவை நிற்கிறது. எங்கள் பழைய உபதேசியார் ஐயாவின் சிலுவை அது. சம்பளம் என்று சொல்லும்படியாக எதையும் பெறாமல் தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் சுற்றி ஜெபக்கூட்டம் நடத்தியவர். எனக்கு ஏழு வயதில் கடுங்காய்ச்சல் வந்தபோது, மழையில் நனைந்துகொண்டு வந்து விடிய விடியத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். 91-ஆம் சங்கீதத்தை எனக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. கொள்ளைநோய்க்கு அஞ்சாதே என்று தேறுதல் சொல்லும் சங்கீதம் அது.

2020 மார்ச் 18-ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஆலயங்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்த்தெழுந்த ஞாயிறு. வீட்டு வரவேற்பறையில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாடினோம். அப்போதெல்லாம் நோய் எங்கோ தொலைவில் இருந்தது. 2021 ஆகஸ்டில்தான் அது எங்கள் வரிசைக்கு வந்தது. நாட்டில் ஒரே நாளில் இருபதாயிரம் பேருக்கு மேல் நோய் கண்ட மாதம் அது.

ஒரு மாலை உபதேசியார் ஐயாவிடமிருந்து அழைப்பு வந்தது. அப்போது நாங்கள் ஒரே வீடமைப்புப் பகுதியில் குடியிருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வரிசையில் அவர் வீடு.

"வாத்தியாரய்யா, எனக்கும் அம்மாவுக்கும் கண்டுருச்சு. அரிசி இருக்கு, ஆக்கத்தான் ஆளில்ல. அம்மாவால எழுந்திருக்க முடியல. முடிஞ்சா கொஞ்சம் கஞ்சி கொண்டாந்து கேட்டுக்கிட்ட வச்சிட்டுப் போங்க."

மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "நாளைக்கு வாறேங்கய்யா" என்றேன்.

மறுநாள் நான் போகவில்லை. எனக்கு இரண்டாம் ஊசி போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வீட்டில் சர்க்கரை நோயுள்ள அம்மா. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். காரணங்களுக்கா பஞ்சம்? பகலெல்லாம் இணைய வழி வகுப்பு நடத்தினேன். மாலையில் வண்டிச் சாவியை எடுத்தேன். மறுபடியும் மேசையில் வைத்தேன். அதற்கும் மறுநாளும் அப்படியே. அந்த இரண்டு இரவுகளிலும் 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தான் படுத்தேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் காலை அம்மாவே கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போனபோது ஆம்புலன்ஸ் ஐயாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் உபதேசியாரம்மா உட்கார்ந்திருந்தார். கேட்டருகே ஒரு முக்காலி. அதன் மேல் யாருடைய தூக்குச்சட்டியோ ஒன்று, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

முக்காலியும் தூக்குச்சட்டியும்

பக்கத்து வீட்டுப் பாட்டியுடையவை அவை. எழுபது வயதைத் தாண்டியவர். பழைய பால்வெட்டுத் தொழிலாளி. மாரியம்மன்மீது தீராத பக்தி. அவர் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. முகக்கவரி அணிந்து, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே என்னிடம் பேசினார்.

"ரெண்டு நாளா நான்தான் வச்சேன் வாத்தியாரே. முக்காலில வச்சிட்டுப் பத்தடி தள்ளி வந்து கூப்புடுவேன். அவரு வந்து எடுத்துக்குவாரு."

"உங்களுக்குப் பயமா இல்லையா பாட்டி?" என்று கேட்டேன்.

"பயமில்லாமலா? கையெல்லாம் நடுங்குச்சு. பயந்துகிட்டேதான் வச்சேன்" என்றார்.

பதினோராம் நாள் உபதேசியார் ஐயா காலமானார். நூற்றுக்கணக்கான அடக்க ஆராதனைகளில் பாடியவருக்குப் பாட ஆளில்லை. வெள்ளைப் பாதுகாப்பு உடை அணிந்த சிலர் குழியில் இறக்கினார்கள். நான் செம்பனைச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தனிமையில் இருந்த உபதேசியாரம்மா வரவும் முடியவில்லை. அந்தப் பெருநோயில் நம் நாட்டில் 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்பது கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு ஒரு முக்காலியில் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு உபதேசியாரம்மா குணமாகும் வரை ஒரு வேளை பாட்டியும் ஒரு வேளை நானும் கொண்டு போனோம். இதனால் என் இரண்டு நாள்கள் அழிந்துவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன்.

தேவாலய உப்பரிகை

அந்த நாள்களில் ஆறுதல் தேடி வேதத்தைப் புரட்டியபோது ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. நான் மனப்பாடம் செய்த அதே 91-ஆம் சங்கீதத்தை, மத்தேயு நான்காம் அதிகாரத்தில் சாத்தான் எடுத்துப் பேசுகிறான்! இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதித்துப் பாரும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று அந்தச் சங்கீதத்தையே ஆதாரம் காட்டுகிறான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கலாகாது என்று மறுத்துவிட்டார். விசுவாசம் இருக்கிறது, முகக்கவரி எதற்கு, தடுப்பூசி எதற்கு என்று கேட்டவர்களை அப்போது நாம் எல்லாருமே பார்த்தோம். அவர்கள் நின்றதும் அந்த உப்பரிகையில்தான் என்று எனக்குத் தோன்றியது.

நான் நின்ற இடம் வேறு. குதிக்கவும் இல்லை, படியிறங்கி அயலான் வீட்டுக்குப் போகவும் இல்லை. அந்தச் சங்கீதத்தைப் போர்வையாக்கிப் படுத்துக்கொண்டேன்.

எங்கள் போதகர் அந்நாள்களில் சபையாருக்கு அனுப்பிய செய்தி ஒன்றில் மார்ட்டின் லூத்தரைப் பற்றிச் சொல்லியிருந்தார். 1527-இல் ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரைக் கொள்ளைநோய் பிடித்தது. பல்கலைக்கழகமே வேறு ஊருக்குப் போயிற்று. மன்னர் போகச் சொல்லியும் லூத்தர் நகரிலேயே தங்கினார். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தார். வீடே நோயாளிகளின் விடுதியாயிற்று. கொள்ளைநோய்க்கு ஓடலாமா என்று பிரெஸ்லாவு நகரப் போதகர்கள் கேட்ட கேள்விக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மருந்து உண்ண வேண்டும், வீட்டைப் புகை போட்டுத் தூய்மை செய்ய வேண்டும், தேவையில்லாத இடத்துக்குப் போகக் கூடாது, மருந்தை வெறுப்பது கடவுளைச் சோதிப்பதாகும் என்பது அதில் ஒரு பாதி. அயலானுக்கு நான் தேவைப்பட்டால் தயங்காமல் போக வேண்டும் என்பது மறுபாதி.

இந்த இரண்டு பாதிகளையும் ஒரு சேரச் செய்தவரை நான் கண்ணால் பார்த்தேன். அவர் லூத்தரின் பெயரைக் கேட்டதுமில்லை, வேதம் படித்ததுமில்லை. முகக்கவரி போட்டுக்கொண்டார், பத்தடி தள்ளி நின்றார், ஆனால் கஞ்சியை வைத்தார்.

முகக்கவரி என்றதும் நம் ஈப்போவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். பினாங்கில் 1879-இல் பிறந்த டாக்டர் ஊ லியன் தே, 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் ஏறத்தாழ அறுபதாயிரம் பேரைக் கொன்ற பிளேக்கை எதிர்த்து நின்றவர். அந்தப் பிளேக்கு மூச்சுக்காற்றால் பரவுகிறது என்று கூறி, பஞ்சும் மெல்லிய துணியும் வைத்துத் தைத்த கவரியை எல்லாரும் அணியச் செய்தார். அதை ஏளனம் செய்து, கவரி இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போன பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாள்களிலேயே அந்நோயால் இறந்தார். டாக்டர் ஊ 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் பல ஆண்டுகள் சாதாரண மக்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1960-இல் மறைந்தார். நோயாளியிடம் போவதற்காகவே அவர் முகத்தை மூடினார். நானோ போகாமலிருக்க வீட்டைப் பூட்டிக்கொண்டேன்.

கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் கலங்கினார். அவருடைய வியர்வை இரத்தத் துளிகள்போல் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். ஆகவே அச்சம் வருவதைப் பாவம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் அந்தக் கலக்கத்தோடேயே எழுந்து நடந்தார். ஞாயிறு பள்ளியில் 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது, இப்போது இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறேன். முக்காலியின் கதையையும் சொல்கிறேன். என் பெயரை மட்டும் மறைப்பதில்லை.

திரும்பும் வழியில்

அப்பாவின் கல்லறைக்கு அடித்தது போக வாளியில் பாதிச் சுண்ணாம்பு மிச்சமிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் உபதேசியார் ஐயாவின் கல்லறையைக் கை காட்டினார். உபதேசியாரம்மா இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். சிலுவையின் அடியில் புல் ஏற்கெனவே சுத்தமாகச் செதுக்கப்பட்டிருந்தது. யார் செய்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் பாட்டி வீட்டில் இறங்கினோம். "சொல்லாம கொள்ளாம வந்தா எப்படி? ஒரு சோறாச்சும் ஆக்கியிருப்பேன்ல!" என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். நாங்கள் கொண்டுபோன முறுக்கையும் கேக்கையும் வாங்கி வைத்துவிட்டு, ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்தார். வராந்தாவில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் எனக்கு ஒன்றை எடுத்து வந்து போட்டார்.

அதே முக்காலி.

"உக்காருங்க வாத்தியாரே, என்ன நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றார்.

கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தேன்.